வேகமாக ஏற வேண்டிய கரிம மின்கலம் ஏன் ஏறவில்லை? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

கரிமச் சேர்மங்களை வைத்து மின்வாய் செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "மெதுவாக ஓட்டினால் அருமையாக வருகிறது, 10சி வேகத்தில் வைத்தால் படுத்துவிடுகிறது." (1சி என்றால் ஒரு மணி நேரத்தில் முழுதும் ஏறும் வேகம்; 10சி என்றால் ஆறு நிமிடம்.) உடனே பழி மூலக்கூறின் மேல் விழும். வேறு குவினோன் (எலக்ட்ரானை வாங்கித் திருப்பித் தரும் வளையக் கரிமச் சேர்மம்), வேறு பாலிமர், மறுபடி தொகுப்பு, மறுபடி சில மாதங்கள். நான் பார்த்த வரையில், அப்படிக் கைவிடப்பட்ட மூலக்கூறுகளில் பலவற்றின் மேல் குற்றமே இல்லை. மின்வாய் செய்த விதத்திலோ, செல்லைக் கட்டிய விதத்திலோ, அளந்த விதத்திலோதான் கோளாறு இருந்தது.

கரிமப் பொருளுக்கு வேகம் இயல்பிலேயே உண்டு. அதன் திண்மத்தில் மூலக்கூறுகள் தளர்வான விசைகளால்தான் சேர்ந்திருக்கின்றன. அயனி உள்ளே வரும்போது கொஞ்சம் நெகிழ்ந்து இடம் கொடுக்கும். நைட்ராக்சைடு ரேடிக்கல் (இணையில்லா எலக்ட்ரான் உள்ள தொகுதி) கொண்ட பாலிமர்களில் எலக்ட்ரான் கைமாறும் வேகம் மிக அதிகம். 2002-ல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவன ஆய்வாளர்கள் பி.டி.எம்.ஏ. என்ற ரேடிக்கல் பாலிமரை லித்தியம் செல்லில் நேர்மின்வாயாக வைத்துக் காட்டினார்கள். விரைவாக ஏறும் கரிம மின்கலம் என்ற எண்ணம் பலருக்கும் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான். ஆகவே வேகம் வரவில்லை என்றால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எலக்ட்ரான் வந்து சேர்கிறதா? அயனி வந்து சேர்கிறதா? மூலக்கூறு வைத்த இடத்தில் இருக்கிறதா?

தொடங்கும் முன்: கணக்கும் ஒரு சோதனையும்

கோட்பாட்டுக் கொள்ளளவைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒரு மூலக்கூறு வாங்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை 26,801-ஆல் பெருக்கி, மூலக்கூறு எடையால் வகுத்தால், கிராமுக்கு எத்தனை மில்லிஆம்பியர்-மணி என்று கிடைக்கும். ஆந்த்ராகுவினோனின் மூலக்கூறு எடை 208, எலக்ட்ரான்கள் இரண்டு; ஆக 257. பி.டி.எம்.ஏ.-வுக்கு ஓர் எலக்ட்ரான்தான், 111. 1சி என்பதை இந்தக் கோட்பாட்டு எண்ணை வைத்து நிர்ணயித்தீர்களா, செல்லில் உண்மையில் கிடைத்த எண்ணை வைத்தா என்று குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரே செல்லை ஒருவர் 10சி என்றும் இன்னொருவர் 16சி என்றும் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது, எல்லாச் சிக்கலுக்கும் பொதுவான சோதனை. வேகமாக ஓட்டிக் கொள்ளளவு விழுந்ததும், அதே செல்லை 0.2சி வேகத்துக்குத் திருப்பி இரண்டு சுழற்சி ஓட்டுங்கள். பழைய எண் திரும்பி வந்தால் பொருள் உள்ளேயேதான் இருக்கிறது, எலக்ட்ரானோ அயனியோதான் வந்து சேரவில்லை. திரும்பி வராவிட்டால் பொருள் போய்விட்டது, அல்லது கெட்டுவிட்டது, அல்லது கார்பனோடு தொடர்பு அறுந்து நிற்கிறது. ஒரு நாளுக்குள் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் யாரும் அடுத்த தொகுப்புக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி: மெதுவாக ஓட்டினால் முழுதும் வருகிறது, வேகமாக ஓட்டினால் சரிகிறது, திரும்பினால் மீள்கிறது

இது நல்ல அறிகுறி. பொருள் பத்திரமாக இருக்கிறது. எங்கே நெரிசல் என்று மட்டும் தேட வேண்டும்.

வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போதே நடுவில் மின்னோட்டத்தை நிறுத்துங்கள், மின்னழுத்தம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். நிறுத்திய கணத்திலேயே சட்டென்று விழும் பகுதி வெறும் மின்தடை: எலக்ட்ரோலைட் (அயனிகள் ஓடும் உப்புக் கரைசல்), தொடர்புகள், மின்வாயின் கடத்துதிறன். அதற்குப் பின் நிமிடக்கணக்கில் மெல்லச் சரியும் பகுதி, அயனி பரவிச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம். எது பெரிதோ அங்கே போய்ப் பாருங்கள்.

மின்தடை எவ்வளவு கெடுக்கும் என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்வாயை 10சி-யில் ஏற்ற 10 மில்லிஆம்பியர் வேண்டும். செல்லின் தடை 40 ஓம் என்றால் 0.4 வோல்ட் அதிலேயே போகிறது. பி.டி.எம்.ஏ. லித்தியத்தை ஒப்பிட ஏறத்தாழ 3.6 வோல்ட்டில் வேலை செய்கிறது. மேல் வரம்பை 4.0 வோல்ட்டில் வைத்திருந்தால், ஏற்றம் தொடங்கிய உடனேயே கருவி "நிறைந்துவிட்டது" என்று நிறுத்திவிடும். மூலக்கூறுக்கு வேலை செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லை. இதைப் பார்த்து வினை மெதுவானது என்று முடிவு கட்டினால் அது பெரிய அநியாயம்.

தடை மின்வாயிலிருந்து வருகிறதா என்று அறிய, கார்பன் அளவை மட்டும் மாற்றி இன்னொரு மின்வாய் செய்யுங்கள். கரிமப் பொருள்களில் பெரும்பாலானவை கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள்கள். கார்பன் தொடாத துகளுக்கு எலக்ட்ரான் போய்ச் சேராது. ஆனால் கார்பனைக் கூட்டுவதைவிடக் கலக்கும் முறையைச் சரிசெய்வது பல நேரம் அதிகப் பலன் தரும். பெரிய படிகங்களாக விழுந்த பொருளை உரலில் நாலு சுற்று அரைத்துக் கார்பனோடு சேர்த்தால், படிகத்தின் வெளிப்புறம் மட்டும் வேலை செய்யும், நடுப்பகுதி வேடிக்கை பார்க்கும். பந்து அரவை இயந்திரத்தில் கார்பனோடு சேர்த்தே அரையுங்கள்; அல்லது பொருள் கரையும் கரைப்பானில் கார்பனைத் தூவி, அதன் மேலேயே பொருளை மெல்ல வீழ்படிய விடுங்கள்.

அயனிப் பக்கம் சந்தேகம் என்றால் மின்வாயின் தடிமனைப் பாதியாக்குங்கள். பரவும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும். பாதி தடிமனில் நேரம் கால்வாசியாக வேண்டும். அப்படி மாறினால் நெரிசல் நுண்துளைகளில்தான். மின்வாயை அளவுக்கு மீறி அழுத்தியிருக்கலாம். எலக்ட்ரோலைட் முழுதும் ஊறாமல் இருக்கலாம். தடிமன் மாறியும் எதுவும் மாறவில்லை என்றால் துகளின் உள்ளேயோ எதிர் மின்வாயிலோ தேடுங்கள்.

எதிர் மின்வாயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். காயின் செல்லில் (காசு வடிவச் சோதனைச் செல்) நாம் வைக்கும் லித்தியத் தகடு, சதுர சென்டிமீட்டருக்கு 5, 10 மில்லிஆம்பியர் கேட்டால் திணறும். அதன் மேல் பாசிபோல் லித்தியம் வளரும். அளவீட்டில் தெரியும் மின்னழுத்த இழப்பில் பாதி அதனுடையதாக இருக்கலாம். மூன்றாவதாக ஒப்பீட்டு மின்வாய் வைத்து அளந்தால் குற்றம் யாருடையது என்று உடனே தெரியும். அந்த வசதி இல்லாதவர்கள், ஒரே மாதிரி இரண்டு மின்வாய்களைப் பாதி ஏற்றிய நிலையில் எதிரெதிராக வைத்து லித்தியம் இல்லாத செல் கட்டிப் பார்க்கலாம். அதில் தடை குறைந்துவிட்டால் உங்கள் பொருள் விடுதலை.

அறிகுறி: ஒவ்வொரு சுழற்சிக்கும் கொள்ளளவு கரைகிறது, பிரித்தால் செப்பரேட்டரில் சாயம்

கரிம மின்வாய்களின் மிகப் பழைய நோய். சிறிய குவினோன்கள் கரிமக் கரைப்பானில் கரைவதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே இனம். சில மஞ்சளாகவும் சில சிவப்பாகவும் செப்பரேட்டரில் (இரு மின்வாய்களையும் பிரிக்கும் நுண்துளைப் படலம்) ஏறி நிற்கும். சாயம் இல்லை என்பதால் கரையவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நிறமில்லாத பொருள்களும் கரையும்.

இதில் ஒரு மறைமுகப் பொறி இருக்கிறது. வேகமாக ஏறும் பொருள்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கரைவது நேரத்தைப் பொறுத்தது, சுழற்சி எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. 10சி-யில் ஒரு சுழற்சி முடிய ஏற்றத்துக்கு 6 நிமிடம், இறக்கத்துக்கு 6 நிமிடம். ஆயிரம் சுழற்சி என்பது 200 மணி, எட்டு நாளுக்கும் கொஞ்சம் கூடுதல். அதே செல்லை 0.2சி-யில் ஓட்டினால் எட்டு நாளில் இருபது சுழற்சிதான் முடியும். "ஆயிரம் சுழற்சிக்குப் பின்னும் 90 சதவீதம்" என்று வேகத்தில் பெருமையாக நிற்கும் செல், மெதுவாக ஓட்டினால் இருபதாவது சுழற்சியிலேயே அந்த நிலைக்கு வந்துவிடலாம். ஆகவே கொள்ளளவை இரண்டு வேகங்களில் எடுத்து, கிடை அச்சில் சுழற்சிக்குப் பதிலாக மணிநேரத்தைப் போட்டு வரையுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் கரைதல்தான். சுழற்சி அச்சில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ஏதோ உடைகிறது. மின்வாய் வீங்கிச் சுருங்கித் தொடர்பு அறுகிறது, அல்லது வினை ஓரளவு மீளாததாக இருக்கிறது.

குப்பியில் எலக்ட்ரோலைட்டை ஊற்றிப் பொடியைப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஆனால் போதாது. நீங்கள் போடுவது ஒரு நிலையில் உள்ள பொருள் மட்டும். எலக்ட்ரான் வாங்கிய நிலையும், ஒரு எலக்ட்ரான் மட்டும் வாங்கி நடுவில் நிற்கும் ரேடிக்கல் நிலையும் வேறு மாதிரி கரையும். அதனால் செல்லைப் பாதி ஏற்றி ஒரு நாள், முழுதும் ஏற்றி ஒரு நாள், முழுதும் இறக்கி ஒரு நாள் என்று நிறுத்திவைத்து, எந்த நிறுத்தத்துக்குப் பின் இழப்பு அதிகம் என்று பாருங்கள்.

தீர்வுகளில் எனக்கு நம்பிக்கை இந்த வரிசையில். முதலில் மூலக்கூறைப் பாலிமராக்குவது. ஆந்த்ராகுவினோன் அலகுகளைக் கந்தகத்தால் கோத்த பாலிமர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோட்பாட்டுக் கொள்ளளவு 257-இலிருந்து 225 ஆகக் குறைகிறது, அது கொடுக்கத்தக்க விலைதான். அடுத்து உப்பாக்குவது: லித்தியம் டெரஃப்தாலேட் போல அயனிக் குழுக்கள் வந்தால் கரிமக் கரைப்பானில் கரைதல் வெகுவாகக் குறையும். மூன்றாவது, ஹைட்ரஜன் பிணைப்பாலும் வளையங்களின் அடுக்காலும் இறுகப் பிணைந்த, இணைவளைய அமைப்புகள். அவற்றுக்குக் கடத்துதிறனும் ஓரளவு சேர்ந்து வருவதால் வேகத்துக்கு இவை எனக்கு மிகவும் பிடித்தவை. எலக்ட்ரோலைட்டின் உப்புச் செறிவை ஏற்றிக் கரைதலை அடக்குவதைக் கடைசியில் வைக்கிறேன். அது வேலை செய்யும்தான். ஆனால் திரவம் பாகுபோல ஆகி, வேகம் என்ற நோக்கத்தையே பறித்துவிடும்.

அறிகுறி: ஏற்றம் முடிவதே இல்லை, ஏற்றியது இறக்கியதைவிட மிக அதிகம்

கரைந்த பொருள் இரு மின்வாய்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. நேர்மின்வாயில் எலக்ட்ரானைக் கொடுத்து, லித்தியத்திடம் போய் வாங்கி, மறுபடி திரும்பி வருகிறது. வேகத்தைக் கூட்டும்போது இந்த வேறுபாடு சுருங்கினால் சந்தேகமே வேண்டாம். உடனடி நிவாரணம் செப்பரேட்டரில்: எதிர்மின் குழுக்கள் கொண்ட அயனிப் படலம் பூசியது, எதிர்மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகளைத் தடுத்து லித்தியம் அயனியை விடும். ஆனால் அதுவும் தடையைக் கூட்டும். அடிப்படை மருத்துவம் முந்தைய பகுதியில் சொன்னதுதான்.

அறிகுறி: எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் பாதிதான் வருகிறது

வேகத்தை மறந்துவிடுங்கள், பொருளே பாதிதான் இருக்கிறது. ரேடிக்கல் பாலிமர் என்றால் முன்னோடி அமீன் முழுதும் ஆக்சிஜனேற்றம் அடைந்ததா என்று எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்திசைவில் (இணையில்லா எலக்ட்ரான்களை அளக்கும் முறை) அளந்து பாருங்கள். ரேடிக்கலாக மாறாத அலகுகள் எடையில் இருக்கும், கணக்கில் வராது.

இன்னொரு காரணத்தை நான் அனுபவித்தே அறிந்தேன். பூசிய மின்வாய்களை வழக்கம்போல இரவு முழுதும் வெற்றிட அடுப்பில் 110 டிகிரியில் உலர்த்தினோம். காலையில் கதவின் உட்புறம் மெல்லிய மஞ்சள் பொடி. சிறிய குவினோன் பதங்கமாகிப் போய்விட்டது. நாங்களோ ஸ்லரியில் (மின்வாய் பூசக் குழைத்த கலவையில்) போட்ட விகிதத்தை வைத்தே செயலுறு பொருளின் எடையைக் கணக்கிட்டிருந்தோம். மூன்று வாரத் தரவு வீண். பென்சோகுவினோன் அறை வெப்பத்திலேயே பதங்கமாகக் கூடியது. வெற்றிடத்தில் சொல்லவே வேண்டாம். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் ஒரே மின்வாயை எடை போடுங்கள். கரைப்பான் போன அளவைவிட அதிகம் குறைந்திருந்தால் வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

ஸ்லரிக் கரைப்பானையும் பாருங்கள். பலரும் பழக்கத்தில் எடுக்கும் என்-மெத்தில் பைரோலிடோன் பல கரிமப் பொருள்களை நன்றாகக் கரைத்துவிடும். உலரும்போது அவை பெரிய ஊசிப் படிகங்களாக மறுபடி விழும். அரைத்த வேலையெல்லாம் போச்சு. நீரில் கரையாத பொருளுக்கு கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் பைண்டரோடு (துகள்களை ஒட்டவைக்கும் பொருள்) நீர் ஸ்லரி நல்லது. கார்பாக்சிலேட் உப்புகளுக்கு இது எதிர்மாறு, அவை நீரில்தான் கரையும்.

அறிகுறி: மெல்லிய மின்வாயில் பறக்கிறது, தடிமனாக்கினால் திடீரென்று நிற்கிறது

மேலே சொன்ன நுண்துளை நெரிசலோடு, எதிரயனியை (எதிர்மின்னூட்டம் உள்ள அயனியை) பிடித்துவைக்கும் பொருள்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று உண்டு. பி.டி.எம்.ஏ., பாலிஅனிலின், பெடாட் போன்ற பாலிமர்கள் ஏறும்போது எலக்ட்ரோலைட்டில் இருக்கும் எதிரயனியை உள்ளே இழுக்கின்றன. லித்தியம் அயனியோ மறுபுறம் படிகிறது. ஆக, உப்பு எலக்ட்ரோலைட்டிலிருந்தே செலவாகிறது. 1 மில்லிஆம்பியர்-மணி ஏற்ற 37 மைக்ரோமோல் உப்பு வேண்டும். ஒரு மோலார் எலக்ட்ரோலைட் என்றால் அதில் 37 மைக்ரோலிட்டர் முழுதும் காலி. காயின் செல்லில் மெல்லிய மின்வாய்க்கு 80, 100 மைக்ரோலிட்டர் ஊற்றி மிதக்கவிடுவதால் இது வெளியே தெரிவதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிஆம்பியர்-மணி என்று போனால், உப்பு உண்மையிலேயே தீர்ந்துபோகும். அதற்கு வெகு முன்பே, வேகமான ஏற்றத்தில் துளைகளின் அடியாழத்தில் தீர்ந்துவிடும். மின்னழுத்தம் நன்றாக ஏறிவந்து சட்டென்று செங்குத்தாகப் பாய்ந்தால் இதைச் சந்தேகியுங்கள். எலக்ட்ரோலைட்டை இரு மடங்கு ஊற்றிப் பார்த்தால் விடை தெரியும்.

இதே வகைப் பொருள்களில் 4 வோல்ட்டை நெருங்கும்போது, மின்வாய் பூசியிருக்கும் அலுமினியத் தகடு அரிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். லித்தியம் இமைடு உப்பு அலுமினியத்தைத் தின்னும். ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்பு அதன்மேல் காப்புப் படலம் விடும்.

அறிகுறி: வேகமான ஏற்றம் அருமை என்று தரவு சொல்கிறது, முழுச் செல்லில் ஏறவில்லை

ஏற்றம் எது, இறக்கம் எது என்று மறுபடி பாருங்கள். 2009-ல் வெளியான லித்தியம் டெரஃப்தாலேட் ஏறத்தாழ 0.8 வோல்ட்டில் வேலை செய்யும் எதிர்மின்வாய். கிராஃபைட்டைப் போல லித்தியம் உலோகம் படியும் மின்னழுத்தத்துக்கு மிக அருகில் இல்லாததால், விரைவான ஏற்றத்தில் உலோகம் படியும் ஆபத்து குறைவு. நல்ல பொருள். ஆனால் லித்தியத் தகட்டுக்கு எதிராக அதைச் சோதிக்கும்போது, லித்தியம் உள்ளே போவதைக் கருவி "இறக்கம்" என்று பதிவு செய்கிறது. முழுச் செல்லில் (லித்தியத் தகட்டுக்குப் பதில் உண்மையான நேர்மின்வாயோடு கட்டியதில்) அதுதான் ஏற்றம். கருவி காட்டிய "ஏற்ற" நெடுவரிசையை எடுத்து விரைவான ஏற்றம் என்று எழுதினால், நீங்கள் சொல்வது லித்தியம் வெளியேறும் வேகம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏற்றத்தின் முடிவில் மின்னழுத்தத்தை மாறாமல் பிடித்துவைக்கும் படி இருந்தால், அந்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 6 நிமிடம் ஓடி, பிறகு 40 நிமிடம் பிடித்துவைத்து நிறைந்தது என்றால், அது 46 நிமிட ஏற்றம். விரைவான ஏற்றத்தைச் சோதிக்க வேகமாக ஏற்றி மெதுவாக இறக்குவதே சரி; இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தால், இறக்கத்தின் தடுமாற்றமும் ஏற்றத்தின் தலையில் விழும்.

அறிகுறி: கோட்பாட்டைவிட அதிகமாக வருகிறது

மகிழ்ச்சி அடையும் முன், கார்பனும் பைண்டரும் மட்டும் கலந்து அதே எடைக்கு மின்வாய் செய்து அதே வரம்புகளில் ஓட்டுங்கள். 1 வோல்ட்டுக்குக் கீழே போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அங்கே கார்பன் பிளாக்கே கணிசமாக லித்தியத்தை வாங்கும். செயலுறு பொருள் 40 சதவீதம், கார்பன் 50 சதவீதம் என்ற கலவையில், கார்பன் தரும் சிறு பங்கும் செயலுறு பொருளின் எடையால் வகுக்கும்போது பெரிதாகத் தெரியும். வேகம் கூடக் கூட இந்தப் பொய் வளரும், ஏனென்றால் பரப்பில் மின்னூட்டம் சேரும் வினை வேகத்துக்கு அசையாது. மின்னழுத்தத்தைச் சீராக மாற்றிக்கொண்டே அளந்து, மின்னோட்டம் அந்த மாற்றும் வேகத்தின் (அலகிடும் வேகம்) எத்தனையாவது அடுக்கில் வளர்கிறது என்று பார்த்து, அடுக்கு 1-ஐ நெருங்கினால் "பரப்பு வினை, ஆகவே வேகமான பொருள்" என்று எழுதுவது வழக்கம். அந்தப் பரப்பு உங்கள் பொருளுடையதா கார்பனுடையதா என்று அந்த எண் சொல்லாது. வெற்றுக் கார்பன் மின்வாயின் கொள்ளளவை ஒவ்வொரு வேகத்திலும் தனித்தனியாக அளந்து, அந்தந்த வேகத்தின் எண்ணிலிருந்து கழியுங்கள். மெதுவான வேகத்தில் ஒருமுறை அளந்ததையே எல்லாவற்றிலும் கழிப்பது சரிவராது. கழித்த பிறகு 10சி-யில் நிற்கும் எண் எதுவோ, அதை உங்கள் மூலக்கூறின் வேகமாக எழுதலாம். கூடவே மொத்த மின்வாய் எடைக்கான எண்ணையும் கொடுங்கள்: 257 தரும் பொருள் 40 சதவீதம் மட்டும் இருந்தால் அது 103.